41 நாள் விட்டவர் 42-ஆம் நாள் ஏன் பற்ற வைக்கிறார்?

கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டால் மண்டல பூஜை முடியும்வரை பீடி கிடையாது. கேரள எல்லையோரம் இருக்கிற செங்கோட்டை, புளியரைப் பக்கம் வருஷம் தவறாமல் நடக்கிற காரியம் இது. நாளுக்கு இரண்டு கட்டு பீடி குடிக்கிறவர், அதுவும் இருபது இருபத்தைந்து வருஷமாகக் குடிக்கிறவர், கறுப்பு வேட்டி கட்டிய அன்றே நிறுத்திவிடுவார். மாலை போட்டுக்கொண்டும் மறைவில் போய் இழுக்கிற சாமிகள் உண்டு, அவர்களை விடுங்கள். ஒழுங்காக விரதம் இருப்பவர்களைக் கேட்டால், “முதல் மூணு நாலு நாள் தலை கிர்ருன்னு இருக்கும், அப்புறம் அந்த நினைப்பே வராது” என்பார்கள். மலைக்குப் போய், நெய்யபிஷேகம் பார்த்து, திரும்பி வந்து ஊர்க் கோயிலில் மாலையைக் கழற்றுவார்கள். பலருக்கு அன்று சாயங்காலமே கையில் பீடி புகையும்.

‘மனசு உறுதியில்லாத ஆளு’ என்று வீட்டில் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 41 நாள் பச்சைத் தண்ணீரில் குளித்து, தரையில் படுத்து எழுந்தவருக்கு உறுதி இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கும்? அந்த 41 நாளில் அவர் உடம்பு, புகையிலையில் இருக்கும் போதைச் சரக்கான நிகோட்டினை மறந்தே விட்டது. பிறகு எது அவரை இழுத்தது என்பதுதான் கேள்வி. பல வருஷப் பழக்கத்தை விட நினைக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

உடம்பின் கணக்கை முதலில் பார்க்கலாம். புகையை உள்ளே இழுத்த பத்து இருபது விநாடிக்குள் நிகோட்டின் மூளைக்குப் போய்விடும். அங்கே அது ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அவை தூண்டப்பட்டால் டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கும், மனசுக்கு ஒரு தெளிவு வந்த மாதிரி இருக்கும். ரத்தத்தில் ஏறிய நிகோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தவருக்கு அது அடிமட்டத்தில் இருக்கும். விடிந்ததும் குடிக்கிற முதல் பீடிக்கு அவ்வளவு ருசி இருப்பது அதனால்தான். எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்ற வைக்காமல் இருக்க முடியாதவருக்குப் பழக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது என்று டாக்டர்கள் கணக்கு வைப்பார்கள்.

வருஷக்கணக்கில் புகைத்தவரின் மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் அத்தனையும் வெறுமனே காத்துக் கிடக்கும். எரிச்சல், தூக்கமின்மை, கவனம் நிற்காமை, சின்ன விஷயத்துக்கும் வீட்டில் எரிந்து விழுவது எல்லாம் அதன் வேலை. இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். பிறகு இறங்க ஆரம்பித்து, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். கூடிப்போன ஏற்பிகளும் சில வாரங்களில் பழைய அளவுக்குத் திரும்புகின்றன. மாலை கழற்றும் நாளில் நம் சாமி இந்த மேட்டையெல்லாம் கடந்துவிட்டவர்.

‘நான் பீடிதானே குடிக்கிறேன், சிகரெட் இல்லையே’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பீடிக்குள் இருக்கும் புகையிலைத் தூள் சிகரெட்டில் இருப்பதைவிடக் குறைவுதான். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் இலை காற்றை எளிதில் உள்ளே விடாது. விட்டு விட்டு இழுத்தால் அணைந்துபோகும். அதனால் பீடி குடிக்கிறவர் அடிக்கடி இழுக்கிறார், ஆழமாகவும் இழுக்கிறார். காதில் செருகி வைத்த துண்டு பீடியை மறுபடி பற்ற வைத்து இரண்டு இழு இழுப்பது தனிக் கணக்கு. நிகோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல், பல நேரம் கூடுதலாகவே உள்ளே போகின்றன. மருந்து கேட்டு டாக்டரிடம் போகும்போது பீடிக் கணக்கைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அதை வைத்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார்.

இனி, உடம்பு மறந்த பிறகும் ஆசை எங்கிருந்து வருகிறது என்ற விஷயம். இஸ்ரேலில் புகைப்பழக்கம் உள்ள விமானப் பணிப்பெண்கள், பணியாளர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. மூன்றிலிருந்து ஐந்தரை மணி நேரம் பறக்கிற விமானத்திலும், எட்டிலிருந்து பதின்மூன்று மணி நேரம் பறக்கிற விமானத்திலும் அதே ஆட்களுக்கு ஆசை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தார்கள். நிகோட்டின் குறையக் குறைய ஆசை கூடும் என்றால், நீண்ட பயணத்தின் நடுவிலேயே அவர்கள் தவித்திருக்க வேண்டும். நடந்தது வேறு. குறுகிய பயணமோ நீண்ட பயணமோ, விமானம் இறங்கப்போகும் நேரத்தில்தான் ஆசை ஏறியது. நாலாவது மணி நேரத்தில், இறங்கத் தயாராகிற விமானத்தில் இருந்தவர் தவித்தார். அதே நாலாவது மணி நேரத்தில், இன்னும் பாதி வானம் பாக்கி இருந்தவர் சும்மா இருந்தார். அதே ஆய்வாளர்கள் முன்னதாக, யூதர்களின் வாராந்தர ஓய்வு நாளான சபாத்தில் நெருப்பைத் தொடாத யூதப் புகைப்பழக்கக்காரர்களைப் பார்த்தபோதும் இதேதான். அன்று நாள் முழுக்க அவர்களுக்குத் தவிப்பு குறைவாக இருந்தது. வேறொரு நாளில் புகைக்காமல் இருக்கச் சொன்னால் அதைவிட அதிகம் தவித்தார்கள்.

இதற்கு நமக்கு இஸ்ரேல் வரை போகவேண்டியதில்லை. கேரளத்தில் புனலூர்ப் பக்கம் வேலைக்குப் போய்வருகிற செங்கோட்டை ஆட்களைப் பார்த்தால் போதும். 1999 ஜூலை 12-இல் கேரள உயர்நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைத் தடை செய்தது. நீதிபதிகள் ஏ.ஆர். லட்சுமணன், கே. நாராயண குருப் கொடுத்த தீர்ப்பு அது. நாடு முழுக்கத் தடை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில்தான் சொன்னது. இப்போதைய விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ளன. அபராதம் 200 ரூபாய் வரை. ஆக, அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டில் நின்று பற்ற வைக்கப் பல வருஷமாகவே ஒரு தயக்கம் உண்டு. பகல் முழுக்கக் கடைக்குள் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பஸ் ஏறுகிற ஆளுக்குத் தென்மலை, ஆரியங்காவு வரை ஒன்றும் தோன்றாது. கோட்டைவாசல் தாண்டி, எஸ் வளைவில் பஸ் இறங்கும்போதுதான் வாய் நமநமக்கும், கை சட்டைப் பையைத் தடவும். எட்டு மணி நேரம் சும்மா இருந்த உடம்புக்கு அந்தப் பத்து நிமிஷத்தில் புதிதாக என்ன குறைந்துவிட்டது? ஒன்றுமில்லை. இதோ இறங்கப்போகிறோம், இனிப் பற்ற வைக்கலாம் என்று மனசுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். நோன்பு வைக்கிறவர்களுக்கும் இது தெரிந்த விஷயம். பகலைவிட, நோன்பு திறக்கிற மஃரிப் நெருங்குகிற நேரம்தான் கஷ்டம்.

அனுமதி எங்கே தெரிகிறதோ அங்கேதான் ஆசை தலை தூக்கும் என்று இதை வைத்துச் சொல்லலாம். ‘முடிந்தவரை குறைக்கிறேன்’, ‘கல்யாண வீட்டில் மட்டும்’, ‘சாரல் விழுந்தால் ஒன்றே ஒன்று’ என்று கதவைத் திறந்து வைத்தவர் நாள் முழுக்க அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். கதவே இல்லாத இடத்தில் மனசு பேரம் பேசாது. 2016-இல் இங்கிலாந்தில் எழுநூறு பேர் அளவில் நடந்த ஒரு பரிசோதனையும் இந்தப் பக்கமே சாய்கிறது. இரண்டு வாரம் படிப்படியாகக் குறைத்து விட்டவர்களில் ஆறு மாதம் கழித்தும் புகைக்காமல் இருந்தவர்கள் 15.5 சதவீதம், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 22 சதவீதம். இரண்டு தரப்புக்கும் மருந்தும் ஆலோசனையும் கொடுக்கப்பட்டன.

சரி, மாலை அந்த 41 நாளும் என்னதான் செய்தது? சாமி பேரில் பயம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் உற்றுப் பார்த்தால் அது ஆளின் நாளையே வேறாக அடுக்கி வைக்கிறது. விடிவதற்கு முன்னால் குளியல், ஆகவே கண் விழித்ததும் பீடி என்ற இடம் போச்சு. கூப்பிடுகிற பேர் மாறுகிறது. பெண்டாட்டி பிள்ளைகூட ‘சாமி’ என்கிறார்கள். வழக்கமான கூட்டாளிகள் விலகிக்கொள்கிறார்கள், சாயங்காலம் பஜனைக் கூட்டம் வந்து சேர்கிறது. டீக்கடை அண்ணாச்சி தனி டம்ளரில் டீ கொடுத்து, கூடச் சிகரெட்டை நீட்டாமல் இருக்கிறார். ஊரே சேர்ந்து ஓர் ஆளைத் தாங்கிப் பிடிக்கிறது. மாலையைக் கழற்றிய அந்த அரை மணி நேரத்தில் இவ்வளவும் ஒட்டுமொத்தமாகக் கழன்றுவிடும். பழைய பேர், பழைய கூட்டாளி, பழைய பெஞ்சு. போதாததற்கு, தேதி முன்கூட்டியே தெரியும். விமானம் இறங்குகிற நேரம் மாதிரி மனசு அதை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

நிரந்தரமாக விட நினைக்கிறவர் மாலை செய்த வேலைகளை ஒவ்வொன்றாகத் தன் கையால் செய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதில் பெரியது டீக்கடை. காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெஞ்சில் போய் உட்கார்ந்தால் அண்ணாச்சி கேட்கக்கூட மாட்டார். ஒரு கையால் டீயை ஆற்றிக்கொண்டே, மறு கையால் டப்பாவிலிருந்து உங்கள் பிராண்டு ஒன்றை எடுத்துக் கிளாஸ் பக்கத்தில் வைத்துவிடுவார். தூணில் தேங்காய் நார்க் கயிறு ஒன்று நுனியில் கனிந்துகொண்டு தொங்கும். இப்போது சில கடைகளில் அந்த இடத்தில் நூலில் கட்டிய லைட்டர். நீங்கள் முடிவெடுப்பதற்கு முன்பே கை முடிவெடுத்துவிடும். ஆகவே அண்ணாச்சியிடம் நேராகச் சொல்லிவிடுவது நல்லது: “அண்ணாச்சி, விட்டுட்டேன். நான் கேட்டாலும் கொடுக்காதீங்க.” வியாபாரம் போகிறதே என்று அவர் முகம் சுளிக்க மாட்டார், பெரும்பாலும் சந்தோஷப்படுவார். அப்படியும் முடியாதென்றால் ஒரு மாதத்துக்குக் கடையை மாற்றலாம். அல்லது நின்று குடிக்காமல் பார்சல் வாங்கிக்கொண்டு நடக்கலாம்.

டீயில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது, பலருக்கும் தெரியாது. புகையில் உள்ள சில ரசாயனங்கள் கல்லீரலைத் தூண்டி, காஃபீனை வேகமாக அழிக்க வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் சில நாளிலேயே குறைந்துவிடும். நேற்றுவரை குடித்த அதே ஆறு டீ, இப்போது ரத்தத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காஃபீனாக நிற்கும். படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி உருண்டுகொண்டே கிடப்பது எல்லாம் வரும். ஆள் என்ன நினைப்பார்? ‘பீடியை விட்டதால்தான் இப்படி, ஒண்ணு குடிச்சாச் சரியாயிரும்.’ டீயைப் பாதியாகக் குறைத்தாலே அதில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

இதே கல்லீரல் காரணத்தால் சில மருந்துகளின் அளவும் மாறும். வீசிங்குக்கு டெரிஃபிலின் மாதிரி தியோஃபிலின் வகை மாத்திரை எடுக்கிறவர்கள், மனநல மருந்துகளில் குளோசபின், ஓலன்சபின் எடுக்கிறவர்கள், புகையை நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அளவைக் குறைக்க வேண்டி வரலாம். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு.

அடுத்தது வெளியே சொல்லக் கூச்சப்படுகிற விஷயம். ‘காலையில ஒரு பீடி குடிச்சாத்தான் வயிறு இறங்கும்’ என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்! அது சாக்குப்போக்கு இல்லை. நிகோட்டின் குடலைத் தூண்டும் என்பது உண்மை. நிறுத்தியதும் சில வாரம் மலச்சிக்கல் வருவதும் உண்மை. இதற்காகவே நாலாம் நாள் பீடிக்குத் திரும்பியவர்கள் உண்டு. எழுந்ததும் வெதுவெதுப்பாக இரண்டு டம்ளர் தண்ணீர், ராத்திரி வாழைப்பழமோ கொய்யாவோ, கொஞ்ச தூரம் நடை. தேவைப்பட்டால் சில நாளைக்கு இசப்கோல். குடல் தன் நேரத்தை மறுபடி கற்றுக்கொள்ளும். இருமலும் முதலில் கூடுவது மாதிரி தெரியும். மரத்துக் கிடந்த மூச்சுக்குழாய் மயிரிழைகள் மறுபடி வேலை செய்து சளியை வெளியே தள்ளுவதால் வருவது அது. வாய்ப்புண்ணும் சிலருக்கு வரும், போய்விடும். எடை சராசரியாக நாலைந்து கிலோ ஏறலாம். பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் பற்ற வைத்துப் பழகியவர், அந்த இடத்தில் இன்னொரு செட் பரோட்டாவை நிரப்பினால் இன்னும் ஏறும்.

மருந்து பற்றி நம் ஆட்களிடம் ஒரு வீறாப்பு இருக்கிறது. ‘மருந்து எதுக்கு, நினைச்சா விட்டுருவேன்.’ எந்தத் துணையும் இல்லாமல் விடுகிறவர்களில், ஆறு மாதம் ஒரு வருஷம் தாண்டி நிற்பவர்கள் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர்தான். நிகோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை போன்றவை அந்த வாய்ப்பை ஒன்றரை மடங்குக்கு மேல் கூட்டுகின்றன. பட்டையும் சூயிங்கமும் சேர்த்துப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. புப்ரோபியான், வெரினிக்ளின் மாத்திரைகள் டாக்டர் சீட்டோடு கிடைக்கும். பற்ற வைப்பதை நிறுத்தும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டியவை அவை. இந்த மருந்துகளை உலக சுகாதார நிறுவனமே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வைத்திருக்கிறது.

நிகோட்டின் சூயிங்கம் வாங்கியும் ‘எனக்கு அது சரிப்படலை’ என்று தூக்கிப் போட்டவர்கள் பெரும்பாலும் அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி சவக் சவக்கென்று மென்றவர்கள். அப்படி மென்றால் சாறு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். நாலைந்து கடி, நாக்கில் சுருக்கென்று காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி நாலு கடி, வேறு பக்கம் ஒதுக்கல். அரை மணி நேரம் வரும். முன்னால் கால் மணி நேரமும் வாயில் இருக்கும்போதும் காபி, எலுமிச்சை சாறு, கூல்டிரிங்ஸ் வேண்டாம். புளிப்பு இருந்தால் வாய்த்தோல் மருந்தை உறிஞ்சாது. 2 மி.கி., 4 மி.கி. என்று இரண்டு அளவு உண்டு. எழுந்த அரை மணிக்குள் பற்ற வைக்கிற ஆளுக்கு 2 மி.கி. பற்றாமல் போகலாம்.

பீடி, சிகரெட் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் கூப்பிட்டால், பெங்களூரு நிம்ஹான்ஸ் மையத்தின் வழியாகத் தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள். எல்லைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இரண்டும் வசதி.

கஷ்டமான இடம் ஒன்று உண்டு, அது வெளியூர் ஆலோசனைக் கையேடுகளில் இருக்காது. ‘வீட்டிலிருந்து புகையிலையை அப்புறப்படுத்துங்கள்’ என்று அவற்றில் எழுதியிருக்கும். தென்காசி மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் சோறு வருவதே பீடி சுற்றித்தான். திண்ணையில் அந்த அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். மடியில் தட்டு, ஒரு பக்கம் நனைத்து வெட்டிய இலை, மறு பக்கம் தூள். இலையை விரித்து, ஒரு சிட்டிகை தூளை நீளவாக்கில் தூவி, உருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடக்கிக் குத்துவது எல்லாம் கண் இமைக்கிற நேரத்தில் நடக்கும். வீடு முழுக்க அந்த நெடி. அந்தப் புருஷனிடம் ‘புகையிலை கண்ணில் படாமல் பார்த்துக்கொள்’ என்று எப்படிச் சொல்வது? முடிகிறவரை செய்ய வேண்டியதுதான். தட்டைத் திண்ணையோடு நிறுத்தி, படுக்கிற அறைக்குள் கொண்டுவராமல் இருக்கலாம். சரியில்லை என்று கழித்த பீடியைத் தனியே எடுத்து வைக்காமல் அன்றன்றைக்கே ஒழித்துவிடலாம். முக்கியமாக, கட்டு எண்ணுவது, கடைக்குக் கொண்டுபோய்ப் போடுவது போன்ற வேலைகளை முதல் இரண்டு மாதம் வீட்டில் வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம். ஒன்று கவனித்திருக்கிறேன்: இந்த வீடுகளில் விட்டவர்கள் உறுதியாக நிற்கிறார்கள். நாள் முழுக்க நெடியை முகர்ந்தும் பற்ற வைக்காதவருக்கு டீக்கடைக் கயிறு பெரிய சோதனையாக இருப்பதில்லை போல.

ஆசை வருகிற அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதற்கு நீளமான பட்டியல்கள் சுற்றுகின்றன. சுருக்கமாக, ஒரு தவிப்பு மூன்றிலிருந்து ஐந்து நிமிஷம் உச்சத்தில் நிற்கும், பற்ற வைத்தாலும் வைக்காவிட்டாலும் இறங்கும். எழுந்து வேகமாக நடப்பது அதைக் குறைக்கும் என்பது சோதித்துப் பார்த்த விஷயம். தண்ணீர், ஏலக்காய், கடலைமிட்டாய், எது கைக்கு வருகிறதோ அது. பாக்கும் உதட்டுக்குள் ஒதுக்குகிற பொட்டலமும் மட்டும் வேண்டாம். பீடியை விட்டுவிட்டு அதைப் பிடித்தவர்கள் நிறையப் பேர்; நிகோட்டின் அப்படியே இருக்கிறது, புற்றுநோய் நுரையீரலிலிருந்து வாய்க்கு இடம் மாறுகிறது. தமிழ்நாடு, கேரளா இரண்டிலும் குட்காவுக்குத் தடை இருந்தும் அது கிடைக்காமல் போகவில்லை. கட்டிங் அடிக்கிற பழக்கம் உள்ளவர் முதல் மாதம் அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது. உள்ளே சரக்கு போனபின் யாருக்கும் தேதி ஞாபகம் இருக்காது.

ஆடியில் சாரல் விழும்போதும் காற்று சுழற்றும்போதும், விட்டு ஒரு வருஷம் ஆனவருக்கும் திடீரென்று வாய் கேட்கும். போன சாரலில் குடித்த ஞாபகம் அது. உடம்புக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, மறுபடி அடிமையாகிவிட்டோமோ என்று பயப்படவும் வேண்டாம். அந்த ஒரு வருஷத்தில் மாரடைப்பு அபாயத்தின் கூடுதல் பங்கு பாதியாகக் குறைந்திருக்கும். பத்து வருஷம் போனால் நுரையீரல் புற்றுநோய் அபாயமும், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால், பாதிக்கு வந்துவிடும்.

துக்க வீடு வேறு மாதிரி. வெற்றிலை பாக்கோடு பீடிக்கட்டும் தட்டில் சுற்றி வரும். மறுத்தால் மரியாதை இல்லையோ என்ற நினைப்பில், மச்சான் முறைக்காரர் நீட்டியதை வாங்கி இரண்டு இழு இழுத்துவிடுவார்கள். அப்படி நடந்துவிட்டால், அந்த இரண்டு இழுப்பால் பழக்கம் திரும்பிவிடாது. ‘போச்சு, இனி என்ன’ என்று வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு கட்டு வாங்கும்போதுதான் திரும்புகிறது. அந்தக் கட்டை வாங்காமல் வீட்டுக்கு வந்தால் போதும். சூயிங்கமோ மாத்திரையோ எடுத்துக்கொண்டிருப்பவர் அதை நிறுத்த வேண்டியதும் இல்லை, மறுநாள் காலை வழக்கமான வேளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.